ஐஸ் கம்பெனியின் கிணறு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
12 பிப்ரவரி 1979

இல்லை அண்ணா, பயந்துகொண்டு போகவில்லை. யாரும் என்மேல் வழக்குப் போடவில்லை. அரிகிருஷ்ணன் சித்தப்பா உங்களுக்கு எழுதியது பாதி உண்மை. வக்கீலைப் பார்த்தேன். அழுதுகொண்டு போய்ப் பார்க்கவில்லை.

நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். பிலாயில் குளிர் விட்டிருக்கும். இங்கே குளிர் என்றால் நம் ஐஸ் அறை மட்டும்தான்.

நடந்தது இது. மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்று நம்மிடம் தினமும் ஐஸ் கேட்கிறது. மூன்று வருடத்துக்கு. ஒப்பந்தம் தட்டச்சில் வந்தது. இங்கிலீஷ். அப்பா காலத்தில் பிள்ளைச்சாவடி மீன்காரர் வாசலில் நின்று, "நாளைக்குக் கூட ரெண்டு பார் ஐஸ் வேணும்ணே" என்பார். அப்பா தலையை ஆட்டுவார். அதுதான் ஒப்பந்தம். ஒரு தலையாட்டல் இத்தனை பக்கமாக நீளும் என்று எனக்குத் தெரியாது.

எம்.ஏ. படித்தவள். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. எல்லாம் சேர்ந்து என்ன சொல்கிறது என்பது புரியவில்லை. கவிதை அப்படி இருக்கலாம்.

வக்கீல் பெயர் கன்னியம்மாள். அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். காந்தி வீதியில் சைக்கிள் கடைக்கு மேலே ஆபீஸ். என் வயதுதான் இருக்கும்.

"வழக்கா?" என்றார்.

"இல்ல."

"அப்ப நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. எங்கிட்ட வர்றவங்க பாதிப்பேரு வீடு எரிஞ்சப்புறம் வாளி கேட்டு வர்றவங்க."

ஒப்பந்தம் முழுவதையும் படித்தார். விரலால் தொட்டுப் படிக்கவில்லை, உதடு அசையவில்லை. கீழே வைத்தார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"தண்ணி எங்கருந்து வருது?"

"கிணத்துலேர்ந்து."

"கிணறு எங்க இருக்கு?"

"பக்கத்துல, அண்ணன் தோட்டத்துல."

"கிணறு யாருது?"

"அண்ணனுது." பிறகு, "எங்களுது."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

 அந்த ஒப்பந்தத்தில் தண்ணீர் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்கூட இல்லை. முழுவதும் ஐஸ். எடை, நேரம், லாரி. அவர் ஐஸுக்குள் தண்ணீரைப் பார்த்தார். கண்ணாடிக்குள் மணலைப் பார்ப்பது போல.  

விஷயம் இதுதான். ஒரு நாள் ஐஸ் தவறினால் அவர்களுடைய மீன் நட்டம் முழுவதும் நம் தலையில். கிணறு நின்றால் ஐஸ் நின்றது. ஐஸ் நின்றால் கம்பெனி போனது. கிணற்றுக்கு ஒரு எழுத்து இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறார்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐஸ் கம்பெனி கமலாவுக்கு, தோட்டம் வடிவேலுக்கு, தண்ணி ரெண்டு பேருக்கும். எழுதிவைக்கச் சொல்ல அன்று நம் யாருக்கும் வாய் வரவில்லை. உயிரோடு இருக்கிற மனிதரிடம் எழுதுங்கள் என்பது, கிளம்புங்கள் என்பது மாதிரி. அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டாள்.

அதனால் கேட்கிறேன். கிணற்றுக்காக நமக்குள் ஒரு பத்திரம் எழுதிக்கொள்ளலாமா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

கமலவேணி

*

பிலாய்
9 மார்ச் 1979

அன்புத் தங்கை கமலாவுக்கு, இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் நலத்துக்கு நம் வீட்டுச் சாமி துணை.

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. வேலை அதிகம். பதில் தாமதத்துக்குக் கோபிக்காதே. எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் கோபிக்காதே. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இராமதாஸிடம் சொல்லி எழுதுகிறேன். எனக்குப் பேனா பிடிக்கச் சோம்பல்.

தங்கச்சிக்குத் தண்ணி கொடுக்கப் பத்திரமா? அப்பா இருந்தால், "ஏண்டா, நாளைக்குக் காத்துக்கும் ரசீது கேப்பீங்களா?" என்று சிரித்திருப்பார். உன் வக்கீல் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் அந்த மனுஷன் தினமும் சாப்பாட்டுக்கு முன் எத்தனை கையெழுத்துப் போடுகிறானோ.

நீ படித்தவள். பார்த்துச் செய்.

ஒரு சின்ன வேலை. நம் தோட்டம் ரோட்டுப் பக்கம் எவ்வளவு அகலம் என்று நம் கம்பெனி ஆள் கண்ணையனை விட்டு அளந்து எழுது. தென்னை எல்லாம் காய்க்கிறதா?

வெயில் வரப்போகிறது. மோர் குடி. கண்ணையனை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்
வடிவேல்

*

முத்தியால்பேட்டை
17 மார்ச் 1979

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம். சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகம் அடுத்த கடிதத்தில் உங்கள் கையெழுத்திலேயே வரட்டும்.

அளந்தாயிற்று. அளவைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். தென்னை காய்க்கிறது.

கன்னியம்மாள் கம்பெனிக்கு வந்தார். நான் அழைக்கவில்லை. "பாக்காத இடத்துக்கு நான் எழுத மாட்டேன்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நடந்தார். தொட்டியின் பலகையைத் தூக்கிப் பார்த்தார். உப்புத் தண்ணீருக்குள் டின்கள் வரிசையாக, அதற்குள் நல்ல தண்ணீர் மெதுவாக வெள்ளையாகிக்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து உள்ளே. நடுவில் கடைசியாக. வெளியே எடுத்த பார் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்து நின்றார்.

"யம்மா, கைய எடு, ஒட்டிக்கும்" என்று கண்ணையன் அதட்டினான்.

அவர் எடுத்தார். அவனிடம் கேட்டார்:

"கிணத்துலேர்ந்து வர்ற குழா வெடிச்சா யாரு போய்ப் பாக்குறது?"

"நாந்தான்."

"யாரைக் கேட்டுக்கிட்டு தோட்டத்துக்குள்ள போவீங்க?"

"யாரைக் கேக்கணும்? நம்ம தோட்டம்மா அது!"

அவர் என்னைப் பார்த்தார். "கேட்டீங்களா? நம்ம." சிரிக்கவில்லை. "இந்த ஒரு வார்த்தை மேலதான் ஒங்க கம்ப்ரஸர் ஓடுது."

அப்பா இடம் வாங்கிய பத்திரத்தைக் காட்டினேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திர அதிகாரி, நோத்தேர், பிரெஞ்சில் எழுதியது. எனக்கு அது ஒரு பழைய படம் மாதிரிதான். அவர் சரளமாகப் படித்தார். வாங்கியது பிரெஞ்சில், இன்று பதிவு இந்தியச் சட்டத்தில், பங்கு பிரித்தது தமிழில், வாயால். மூன்றும் ஒரே மண். மண்ணுக்கு எதுவும் தெரியாது. கீழே தண்ணீர் தன்பாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் அகலம் கேட்டதைச் சொன்னேன். 

"ஏன் ரோட்டுப் பக்கம் மட்டும் கேக்குறாரு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அண்ணன் மேல சந்தேகப்படச் சொல்றீங்களா?"

"சந்தேகப்படச் சொல்லல. கேக்கச் சொல்றேன். கேக்காம இருந்தாத்தான் சந்தேகம்."

ஆகவே கேட்கிறேன். ஏன் அண்ணா?

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். அதை எழுத எனக்கு இப்போது வார்த்தை இல்லை. மனசு ஆறட்டும்.

அண்ணியை வெயிலில் அலைய விடாதீர்கள்.

கமலவேணி

*

முத்தியால்பேட்டை
28 ஏப்ரல் 1979

அண்ணனுக்கு வணக்கம். நலமா என்று கேட்கிறேன். வழக்கத்துக்காக இல்லை.

பதில் இல்லை. தபால்காரர் நம் வாசலில் சைக்கிளை நிறுத்தாமலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

கத்திரி வெயில் வருவதற்கு முன்பே ஊர் கொதிக்கிறது. ஐஸ் போதவில்லை. ஏற்றுமதிக் கம்பெனி கையெழுத்துக்கு நெருக்குகிறது. இரண்டாவது கம்ப்ரஸர் வாங்க பாங்கில் கேட்டால், இடத்துக்குப் பத்திரம் உங்கள் பெயரில் எங்கே என்கிறார்கள்.

நேற்று கலியமூர்த்தி வந்தார். ஸ்டேஷன் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். உங்களுக்குத் தெரிந்தவர்தான். கூட ஒரு ஆள், கையில் அளக்கும் டேப். நேராகத் தோட்டத்துக்குள் போனார்கள். நான் வேலியில் நின்றேன்.

"என்னா தங்கச்சி, அண்ணன் சொல்லலியா? வாக்குக் குடுத்துட்டாரு. லாட்ஜ் கட்டப்போறேன். வெள்ளைக்காரங்க வந்தா தங்க எடம் இல்லாம அலையுறாங்க பாரு."

"கிணறு?"

"அதைத் தூத்துட்டு அங்கதான் மாடிப்படி வருது."

அவர் கெட்டவர் இல்லை. தூர்க்கிறேன் என்று ஒரு கிணற்றின் முகத்துக்கு நேராக இவ்வளவு சிரித்த முகத்தோடு ஒருவர் சொல்ல முடிகிறது.

 என்னால் என்ன சொல்லியிருக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

கமலவேணி

*

பிலாய்
20 மே 1979

அன்புள்ள கமலவேணிக்கு அண்ணி ஜெயம் எழுதிக்கொண்டது. நீ நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று இதுவரை உனக்கு எழுதிய வரி எதையும் நம்பாதே.

உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பிப்ரவரியில் எஃகு ஆலையில், உலை வாசலில் அவருக்கு வலது கை வெந்துவிட்டது. முழங்கை வரைக்கும். விரல்கள் மடங்கி நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் உன் முதல் கடிதம் வந்தது. நான் படித்துக் காட்டினேன். பத்திரம் என்ற வார்த்தை வந்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். எதில் கையெழுத்துப் போடுவது, எந்தக் கையால் என்று நினைத்திருப்பார். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

இப்போது கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். உலைக்கு முன் நின்ற மனுஷன், சைக்கிளுக்கு வழி விட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே ஒரு மாவு மில் போடலாம் என்று யோசனை. அதற்குத்தான் தோட்டம். கலியமூர்த்தி இங்கிருந்து லீவில் ஊருக்குப் போன ஒருவரிடம் தோட்டத்தைக் கேட்டுச் சொல்லி அனுப்பினார், இவர் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். "வாக்குக் குடுத்துட்டேண்டி. இனிமே கமலாகிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்?" என்கிறார். உன்னிடமும் சொல்ல முடியவில்லை, கலியமூர்த்தியிடமும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

நீ அவர்மேல் வருத்தப்படு. விட்டுவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு.

ஜெயம்

*

முத்தியால்பேட்டை
3 ஜூன் 1979

அண்ணா, வணக்கம். அண்ணியைத் திட்டாதீர்கள். உங்கள் கை எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியை நான் பிப்ரவரியில் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்க விட்டிருக்க வேண்டும்.

மார்ச்சில் நான் எழுதாமல் விட்ட அந்த இன்னொன்றை இப்போது சொல்கிறேன்.

அப்பா வாயால் சொன்னது நம் வீட்டுக்குச் சட்டம். பதிவு ஆபீசுக்கு இல்லை. அங்கே நாம் இரண்டு பேரும் இரண்டுக்கும் சொந்தக்காரர்கள். தோட்டத்தில் நான் பாதி. ஐஸ் கம்பெனியில் நீங்கள் பாதி. என் கையெழுத்து இல்லாமல் கலியமூர்த்தி பெயருக்கு நீங்கள் முழுத் தோட்டத்தை எழுத முடியாது. கன்னியம்மாள் இதைச் சொன்னபோது கையில் யாரோ அரிவாளைக் கொடுத்தது போல இருந்தது. அதன் கனம் பிடித்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அண்ணியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு காந்தி வீதி மாடி ஏறினேன். "தடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"தடுக்கலாம். ஒரு நோட்டீஸ் போதும். அப்புறம் ஒங்க அண்ணன் ஐஸ் கம்பெனியில பாதி கேப்பாரு. அவருக்கும் அந்த உரிமை இருக்கு. ரெண்டு பேரும் ஜெயிப்பீங்க. கம்பெனி மூடிக்கிடக்கும்."

பிறகு, "இதெல்லாம் ஒங்க அண்ணனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"தெரிவிங்க. தெரியாம வாங்குற கையெழுத்து நிக்காது. அவரு தனியா ஒரு வக்கீலைப் பாக்கணும். நான் ஒங்களுக்குத்தான் வக்கீல். அவருக்கு எது நல்லதுன்னு சொல்ல நான் ஆள் இல்ல."

என் ஆயுதத்தை என் வக்கீலே உங்களிடம் காட்டச் சொல்கிறார். பல்கலைக்கழகத்தில் நீதி பற்றி எவ்வளவோ படித்தேன். இப்படி மேசைமேல், கண்ணாடி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் வந்து கம்பெனித் தரையில் சாக்குக்கட்டியால் தோட்டத்தை வரைந்தார். விற்பது அல்லது விற்காதது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பிரித்துக்கொண்டே போனார். மண் ஒன்று. மண்ணின்மேல் கட்டுவது ஒன்று. கிணற்றில் எடுப்பது ஒன்று. எடுத்த தண்ணீர் குழாயில் போகும் வழி ஒன்று. குழாயைப் பார்க்கக் கண்ணையன் நடந்து போவது ஒன்று. ஒவ்வொன்றும் தனி. ஒவ்வொன்றையும் தனியாகக் கொடுக்கலாம், வைத்துக்கொள்ளலாம். நான் பிறந்ததிலிருந்து பார்த்த தோட்டம். அதற்குள் இத்தனை தோட்டங்கள் இருந்தன.

அவர் சொல்லும் வழி இது. முதலில் பாகப்பிரிவினை. கம்பெனி எனக்கு, தோட்டம் உங்களுக்கு. கிணற்றைத் தூர்க்கக் கூடாது, தண்ணீரும் குழாய் வழியும் போய்வரும் உரிமையும் ஐஸ் கம்பெனிக்கு, தோட்டம் யார் கைக்குப் போனாலும். அது பதிவான பிறகு, அதற்குக் கட்டுப்பட்டு, நீங்கள் கலியமூர்த்திக்கு விற்கலாம். உங்கள் வாக்கும் நிற்கும். தண்ணீரும் நிற்கும்.

"வரிசை முக்கியம்" என்றார். "பத்திரம் ரெண்டும் இடம் மாறிச்சின்னா கதையே மாறிடும்."

கலியமூர்த்தியிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று அவரையும் வரச்சொன்னார். அவர் தரையில் குந்தி, சாக்குக்கட்டிப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "மாடிப்படியை இந்தாண்ட தள்ளிக்கிறேன். கிணத்துல எனக்கும் ஒரு குழா உண்டா?" உண்டு என்றதும், "அப்ப ராத்திரியில கம்ப்ரஸர் போடுற சத்தத்தையும் பத்திரத்துல எழுதுங்கம்மா, நாளைக்கு வெள்ளைக்காரன் தூக்கம் வரலன்னு எங்கிட்ட சண்டைக்கு வருவான்" என்றார். விளையாட்டாகச் சொன்னார். கன்னியம்மாள் குறித்துக்கொண்டார்.

நீங்கள் அங்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். இந்தக் கடிதத்தை அவரிடம் முழுதாகக் காட்டுங்கள்.

கைக்கு மருந்து தவறாமல் போடவும். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

கமலவேணி

*

பிலாய்
8 ஜூலை 1979

கமலா. சுகம். நீ சுகமா.

இடது கையில் எழுதுகிறேன். குழந்தை எழுத்து. சிரிக்காதே.

பக்கத்து ஊர் துர்க்கில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். உன் கடிதத்தை எனக்குத் தெரிந்த இந்தியில் படித்துச் சொன்னேன். அவர் கேட்டார், எதிர்த்தரப்பு யார்? தங்கை. தங்கை எழுதிய கடிதமா இது? ஆமாம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படிக்கச் சொன்னார். இந்த வக்கீல் உங்களுக்கு விரோதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, கையெழுத்துப் போடலாம் என்றார். தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

நீ என்னைத் தடுத்திருக்கலாம். மார்ச்சிலேயே தெரியும். ஏன் தடுக்கவில்லை.

ஆகஸ்டில் வருகிறேன்.

உடம்பு பத்திரம்.

வடிவேல்

*

முத்தியால்பேட்டை
19 ஜூலை 1979

அண்ணா, வணக்கம். இங்கே குறை ஒன்றும் இல்லை. உங்கள் இடது கை எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருக்கிறது.

ஏன் தடுக்கவில்லை? தெரியவில்லை. தடுக்க முடியும் என்று தெரிந்த பிறகு தடுக்க வேண்டிய அவசரம் போய்விட்டது. அதற்கு முன் எனக்கு இருந்தது கோபம் இல்லை, இருட்டு. எது என்னுடையது, எது உங்களுடையது என்று தெரியாத இருட்டில் கை நீட்டினால் அடி யார்மேல் விழும்? ஒருவர் வந்து விளக்கைப் போட்டார். பார்த்தால் எதிரில் நீங்கள் நிற்கிறீர்கள்.

வரும் தேதியைத் தந்தி கொடுக்கவும். கை சம்பந்தப்பட்ட ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் கொண்டுவரச் சொல்கிறார் கன்னியம்மாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் நம்புவதும் ஒரு சுகம்.

அண்ணிக்குத் தேங்காய் அனுப்ப வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்டுவரவும்.

கமலவேணி

*

முத்தியால்பேட்டை
27 ஆகஸ்ட் 1979

அண்ணிக்கு வணக்கம். அண்ணன் நலமாக ரயில் ஏறினார். தேங்காய் மூட்டையை எடுக்க மறந்து, கண்ணையன் ஓடிப்போய் ஜன்னலில் திணித்தான். நீங்கள் நலமாக இருங்கள்.

பதிவு ஆபீசில் நடந்ததை அவர் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன்.

அதிகாரி முதலில் அண்ணன் கையெழுத்தைப் பார்த்தார். பழைய பாங்குப் புத்தகத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"இது ஒங்க கையெழுத்துதானா?"

அண்ணன் வலது கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார். அங்கே எல்லோரும் இருந்தார்கள். சித்தப்பா, கலியமூர்த்தி, சாட்சிகள். அவர் முகம் எப்படியாயிற்று என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் வாய் திறப்பதற்குள் கன்னியம்மாள் ஒரு உறையை நீட்டினார். ஆஸ்பத்திரிச் சான்று, பிலாய் ஆலை டாக்டர் எழுதியது, இடது கையால் எழுதுகிறார் என்பதற்கு உறுதிமொழி. எல்லாம் வரிசையாக. அதிகாரி படித்தார். "சரி" என்றார். இடது பெருவிரலில் மை பூசினார்கள். முடிந்தது. யாரும் அந்தக் கையை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லவில்லை அண்ணி. எடுத்துக் காட்ட வேண்டிய நிலைமையே வரவில்லை.

ஒரு மனிதன் வெட்கப்படப் போகும் ஒரு நிமிடத்தை ஒரு மாதத்துக்கு முன்பே, காந்தி வீதி மாடியில் உட்கார்ந்து, ஒருவர் பார்த்திருக்கிறார். பார்த்து, அது வராமல் செய்திருக்கிறார். 

முதலில் எங்கள் பத்திரம். பிறகு கலியமூர்த்தியுடையது. வெளியே வந்ததும் அவர் எல்லோருக்கும் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். அண்ணன் குடித்துவிட்டு, "என்னா கலியமூர்த்தி, ஐஸே இல்ல?" என்றார். பல மாதம் கழித்து அவர் குரலில் அவர் இருந்தார்.

நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இது எதுவும் இல்லை. நன்றாக இருங்கள்.

கமலவேணி

*

பிலாய்
2 அக்டோபர் 1979

அன்புத் தங்கைக்கு. இருவரும் நலம். உன் அண்ணி தேங்காயை வங்காளிக்காரிக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டாள்.

மாவு மில்லுக்கு இடம் பார்த்தாயிற்று. இராமதாஸும் கூட்டுச் சேருகிறான். "நமக்குள்ள எதுக்குண்ணே எழுத்தெல்லாம்?" என்றான். நான் கேட்டேன், "மில்லுக்குக் கரண்ட் எந்த வீட்டுலேர்ந்து வருது?" அவன் முழித்தான். "ஒண்ணா சேர்ந்து துர்க் போவோம் வா" என்றேன். உன் அண்ணி, "இனி இவர் பல் தேய்க்கவும் வக்கீலைக் கேட்பார்" என்கிறாள்.

கையெழுத்து முன்னேறியிருக்கிறதா?

ஐஸ் கம்பெனி எப்படி? மழை வந்துவிட்டதா? நனையாதே.

உன் அண்ணன்
வடிவேல்

*

முத்தியால்பேட்டை
18 நவம்பர் 1979

அண்ணா, அண்ணி, இருவருக்கும் வணக்கம். நனையாமல் இருக்க முடியவில்லை. மற்றபடி சுகம்.

ஏற்றுமதிக் கம்பெனியோடு செப்டம்பரிலேயே கையெழுத்தாகிவிட்டது. அதற்கு முன் கன்னியம்மாள் அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். புயலாலோ மழையாலோ மின்சாரம் நின்று ஐஸ் போகாத நாளுக்கு நட்டம் கேட்கக் கூடாது. அவர்களும் பேசாமல் ஒப்புக்கொண்டார்கள். நான் அதை மறந்தே போனேன்.

போன வாரம் காற்றும் மழையும். கம்பம் சாய்ந்து கரண்ட் போயிற்று. தொட்டியில் டின்கள் எல்லாம் மெல்ல மறுபடி தண்ணீராயின. பிள்ளைச்சாவடியில் படகு எதுவும் இறங்கவில்லை. ஆனால் ஏற்றுமதிக் கம்பெனி கிடங்கில் பழைய மீன் இருந்தது. கெட்டுப்போயிற்று.

அவர்களுடைய மானேஜர் குடையோடு வந்தார். நான் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "தெரியும்மா, அந்த வரியைப் படிச்சிட்டுத்தான் வந்தேன். கரண்ட் எப்ப வரும்னு கேக்க வந்தேன்" என்றார். டீ குடித்தார். போனார்.

அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. நம் கம்பெனி இல்லாமல் போயிருக்க வேண்டிய நாள், மழை பெய்த நாளாகக் கழிந்தது. நடக்காத ஒன்றின்முன் எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. கோவிலில் நிற்பது போல நின்றேன். வெளியே கிணறு நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

அப்போது கண்ணையன் வந்தான். பின்னால் மற்றவர்களும். தலையில் சாக்குப் போட்டிருந்தார்கள்.

"பாப்பா, கரண்ட் இல்லாத நாளுக்கு எங்களுக்குக் கூலி உண்டா?"

"உண்டு. இதைக் கேக்கணுமா?"

"நீ சொன்னா சரி." சாக்கை உதறினான். "நீ இருக்கிற வரைக்கும் சரி."

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னான். ஆனால் நான் இரண்டு நாளாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா இருந்த வரைக்கும். நான் இருக்கிற வரைக்கும். புயலுக்கு எனக்கு ஒரு வரி இருக்கிறது. அவர்களுக்கு நான் இருக்கிறேன். நான் ஒரு தலையாட்டல்.

மாவு மில் வேலையைப் பற்றி எழுதவும். கையை மழையில் நனைக்க வேண்டாம். அண்ணிக்கு என் அன்பு.

கமலவேணி

பின்குறிப்பு: இதை நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கண்ணையனையும் மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு கன்னியம்மாளின் ஆபீசுக்குப் போனேன். "என்னா பாப்பா, வேலைய விட்டுத் தூக்கப்போறியா?" என்று படியிலேயே நின்றவனைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனேன். கரண்ட் இல்லாத நாளுக்கும் கூலி உண்டு, கம்பெனியை யார் நடத்தினாலும் உண்டு என்று எழுதச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன்.